பண்டிதர் ஸஅபா: நம் மாநிலம் தந்த ஆசான்

நம் சங்கத்தின் பொன்விழா மலரில், மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறும் இடம்பெற வேண்டும் என்று பேச்சு வந்தபோது பல பெயர்கள் எழுந்தன. நாகூரிலும் காயலிலும் கீழக்கரையிலும் வாழ்ந்த புலவர்கள், வள்ளல்கள், ஆலிம்கள் என்று பட்டியல் நீண்டது. அவர்களைப் பற்றியெல்லாம் பல மலர்கள் எழுதிவிட்டன. கோலா கிளாவாங்கில் ஐம்பது ஆண்டு வாழ்ந்த சங்கம், பக்கத்து மாவட்டத்தில் பிறந்த ஒருவரை ஏன் எண்ணிப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குத் தோன்றியது. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பள்ளியில் படிக்கும் மலாய் இலக்கணத்தை ஒழுங்குபடுத்தித் தந்தவர் அவர். அவர் தமிழர் அல்லர், மலாய்க்காரர். ஆனாலும் அவருடைய வாழ்க்கையில் நமக்குச் சொந்தமான சங்கதி நிறைய இருக்கிறது.

அன்னாரின் பெயர் ஜைனுல் ஆபிதீன் பின் அஹ்மத். நாடு அறிந்த பெயர் ஸஅபா. ஓதத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரின் சூட்சுமம் உடனே விளங்கும். ஜைனுல் என்பதன் முதல் எழுத்தான ஸாய், ஆபிதீன் என்பதன் முதல் எழுத்தான ஐன், பின் என்பதன் பா ஆகிய மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஸஅபா. தம் பேரின் முதலெழுத்துகளையே புனைபெயராக்கிக் கொண்டார். பின்னாளில் இயற்பெயரை மறந்தவர்கள்கூட இந்த மூன்றெழுத்தை மறக்கவில்லை.

1895 செப்டம்பர் 16 அன்று, ஜெம்போல் வட்டாரத்தில் பத்து கீக்கிரை அடுத்த புக்கிட் கெர்டாஸ் கம்பத்தில் பிறந்தார். கோலாப்பிலாவிலிருந்து பாஹாவ் போகும் சாலையில் பயணம் செய்தவர்கள் எல்லோரும் பத்து கீக்கிரைக் கடந்திருப்பார்கள். பெரும்பாலும் வண்டியை நிறுத்தியிருக்க மாட்டார்கள். வயலும் பழத்தோட்டமுமாக இருந்த அந்தக் கம்பத்தில், படிப்பு என்றால் குர்ஆன் ஓதுவதும் கொஞ்சம் ஜாவி எழுத்தும்தான். தகப்பனார் அஹ்மத் வாசிப்பில் நாட்டம் உள்ளவர். மகனுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே எழுத்தறிவித்தார். வாழை இலையில் ஈர்க்குச்சியால் கீறி எழுதிப் பழகினார் சிறுவர் ஜைனுல் ஆபிதீன் என்று இன்றும் சொல்வார்கள். பலகையும் காகிதமும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்த காலம். வாழை இலை கொல்லையிலேயே கிடைத்தது. நம் பாட்டனார்கள் மணலில் விரலால் எழுதிப் படித்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

பின்னர் லிங்கியில் மலாய்ப் பள்ளிப் படிப்பு. அதன்பின் சிரம்பான் செயின்ட் பால் பள்ளியில் ஆங்கிலக் கல்வி. இது ஒரு வரியில் சொல்லி முடிகிற சங்கதி அல்ல. அந்தக் காலத்தில் கிறிஸ்தவ மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் முஸ்லிம் கம்பங்களில் ஆழமாக இருந்தது. மலாய்க்காரர்களுக்கு மட்டும் இருந்த அச்சமல்ல அது. நம்மவர்களிலும் எத்தனை பேர் அந்த அச்சத்தால் பிள்ளைகளைக் கடையில் உட்கார வைத்தார்கள் என்பது நம் வீடுகளுக்கே தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்று, கல்லாவில் கணக்கு எழுதியே காலம் கழித்த பெரியவர்கள் நம் சங்கத்திலும் இருந்தார்கள். ஸஅபா அந்தப் பள்ளியில் படித்து, 1915 ஆம் ஆண்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறினார். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களில் அந்தத் தேர்வில் வெற்றி பெற்ற முதல் ஆள் அவரே. மார்க்கம் எங்கேயும் போகவில்லை. பின்னாளில் மார்க்கத்தைப் பற்றியே நூல் எழுதும் அளவுக்கு அது உறுதியாக இருந்தது.

ஆங்கிலம் படித்த மலாய் இளைஞருக்கு அன்று அரசாங்க உத்தியோகம் எளிதாகக் கிடைக்கும். அவர் ஆசிரியர் வேலையைத் தேர்ந்தெடுத்தார். 1916 இல் ஜொகூர் பாருவில் ஆங்கிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1918 இல் கோலா கங்சார் மலாய்க் கல்லூரிக்குப் போனார். அரச குடும்பத்துப் பிள்ளைகளும் பிரபுக்களின் பிள்ளைகளும் படித்த இடம் அது. புக்கிட் கெர்டாஸ் விவசாயக் கம்பத்திலிருந்து வந்தவர் அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அங்கிருந்தபோதுதான் ஒரு விஷயம் அவர் மனத்தை அரித்தது. மேல்தட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கிடைக்கிறது, கம்பத்துப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

கம்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது நான்கு வருடப் படிப்பு. 1917 இல் வின்ஸ்டெட் என்ற ஆங்கில அதிகாரி கொடுத்த அறிக்கையின்படி மலாய்ப் பள்ளிகளின் படிப்புக் காலம் ஐந்து ஆண்டிலிருந்து நான்காகக் குறைந்தது. கூடை முடைவதும் தோட்ட வேலையும் பாடத்தில் முக்கிய இடம் பிடித்தன. விவசாயி மகன் நல்ல விவசாயியாக இருந்தால் போதும் என்பது அன்றைய ஆட்சியின் எண்ணம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளையும் ஆட்சியாளர்கள் ஏறக்குறைய இதே கண்ணால்தான் பார்த்தார்கள். நம் பெரியவர்களில் எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1923 இல் ஸஅபா மலாய்க்காரர்களின் வறுமையைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். ஆங்கிலத்திலும் எழுதினார், மலாயிலும் எழுதினார். காசில்லாத வறுமை ஒரு பங்குதான் என்றும், அறிவிலும் மனத்திட்பத்திலும் படிப்பதற்கு நூல் இல்லாததிலும் உள்ள வறுமையே பெரிது என்றும் தம் சமூகத்தையே கடுமையாகச் சாடினார். கல்வியில் அரசாங்கம் செய்யும் குறையையும் விடவில்லை. இந்த இரண்டு பக்கத் தாக்குதல் யாருக்குப் பிடிக்கும்? சொந்த மக்களில் பலர் முகம் சுளித்தார்கள், மேலதிகாரிகள் எரிச்சல் அடைந்தார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் அரசியல் எழுதக்கூடாது என்ற நெருக்குதல் வந்தது. அதே ஆண்டு கோலா கங்சாரிலிருந்து கோலாலம்பூர் கல்வி இலாகாவின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மாற்றம். அடுத்த ஆண்டு தஞ்சோங் மாலிம்.

தஞ்சோங் மாலிமில் 1922 ஆம் ஆண்டு திறக்கப்பட்டிருந்தது சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஊருக்கு ஒதுக்குப்புறமான இடம். அவரை ஓரங்கட்டத்தான் அங்கே அனுப்பினார்கள் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. மலாய் நாடெங்கும் உள்ள கம்பங்களிலிருந்து ஏழை வீட்டுப் பையன்கள் ஆசிரியர் பயிற்சிக்கு வந்து சேர்ந்த இடம் அதுதான். படித்து முடித்ததும் அவர்கள் மீண்டும் கம்பத்துப் பள்ளிகளுக்கே திரும்பினார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1924 முதல் 1939 வரை பதினைந்து ஆண்டுகள் ஸஅபா அங்கே இருந்தார். கல்லூரி முதல்வர் டசெக் என்ற ஆங்கிலேயர் மலாய் மொழியின்மேல் மெய்யான அக்கறை கொண்டவர். அவருடைய துணை ஸஅபாவுக்கு இருந்தது.

அங்கே அவர் பொறுப்பில் இருந்தது மொழிபெயர்ப்பு அலுவலகம். பெயரைக் கேட்டால் கோப்புகள் நிறைந்த சாதாரண ஆபீஸ் போலத் தோன்றும். உண்மையில் அது மலாய்ப் பிள்ளைகளுக்கு நூல் செய்கிற பட்டறை. பள்ளிகளுக்கு ஒரு நூல் வரிசை, வீட்டில் படிப்பதற்கு ஒரு நூல் வரிசை என்று இரண்டு அங்கிருந்து வெளிவந்தன. கணக்கு, சுகாதாரம், பூகோளம், சரித்திரம் முதல் கதைப் புத்தகம் வரை அதில் அடக்கம். ஷேக்ஸ்பியர் நாடகக் கதைகளை ஸஅபாவே எளிய மலாயில் எழுதித் தந்தார். பிறர் மொழிபெயர்த்தவற்றை வரிக்கு வரி பார்த்துத் திருத்தினார். ஒரு சொல்லுக்கு மலாயில் சொல் இல்லையென்றால் தேடினார், கிடைக்காவிட்டால் ஆக்கினார். இந்த வேலைக்கு மேடையும் மாலையும் கிடையாது. தம் பெயரை நாலு பேர் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர் பதினைந்து வருடம் இதில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

எழுத்துக் கூட்டும் முறையையும் அவர்தான் சீர்செய்தார். 1924 இல் அவர் வகுத்த ரூமி எழுத்துமுறை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வழக்கில் இருந்தது. 1970க்கு முன் பள்ளியில் படித்த நம் அங்கத்தினர்கள் எழுதியது அந்த முறையில்தான். 'ச்ச' ஓசைக்கு இரண்டு எழுத்துப் போட்டு எழுதினோமே, கம்போங் என்று 'ஓ' வைத்து எழுதினோமே, அது ஸஅபா முறை. ஜாவிக்கும் ரூமிக்கும் பொதுவான சொற்பட்டியல் நூல் ஒன்றை 1938 இல் வெளியிட்டார். எந்த மலாய்ச் சொல்லை எப்படி எழுதுவது என்ற குழப்பம் அதன்பின் பெருமளவு தீர்ந்தது.

இங்கே நம்முடைய சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜாவி என்பது அரபி எழுத்தோடு மலாய் ஓசைகளுக்கு வேண்டிய சில எழுத்துகளைப் புள்ளி வைத்துக் கூட்டிக் கொண்ட முறை. நம் முன்னோர் தமிழை எழுதக் கைக்கொண்ட அரபுத் தமிழும் அதே யுக்திதான். அரபுத் தமிழில் மஸ்அலா கிதாபு வாசித்துப் பழகிய பெரியவர்களுக்கு, இந்நாட்டுக்கு வந்ததும் ஜாவி பழக அதிக நாள் ஆகவில்லை. மலாய்க்காரர் தம் ஜாவிக்கு விதி வகுத்து அச்சில் ஏற்றிக் காப்பாற்றிக் கொண்டார்கள். நம் அரபுத் தமிழ்க் கிதாபுகள் பரணில் கிடந்து செல்லரித்தன. ஒரு ஸஅபா நமக்கு அந்த வகையில் வாய்க்கவில்லை என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

மொழியின் மேல் அவருக்கிருந்த காதல் இலக்கணத்தோடு நிற்கவில்லை. அவரைப் பாடகர் என்றோ வாத்தியம் வாசித்தவர் என்றோ நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் செவியைத் தீட்டிக் கொண்டது பந்துனிலும் ஷாயிரிலும். 1934 இல் வெளிவந்த 'இல்மு மங்ஙாராங் மலாயு' என்ற நூல் கட்டுரை எழுதுவது எப்படி என்று கற்றுத் தருவது. ஆனால் அதில் செய்யுள் வகைகளுக்கும் இடம் கொடுத்தார். நாலடிப் பந்துனில் முதல் இரண்டு அடி ஒரு சாயலைக் காட்டும், பின் இரண்டு அடி கருத்தைச் சொல்லும். ஒன்றுக்கு மூன்றும், இரண்டுக்கு நான்கும் ஓசை ஒத்து வரும். ஷாயிரில் நாலடிக்கும் ஒரே முடிப்பு, அதை ராகமிட்டுத்தான் படிப்பார்கள். கம்பத்துக் கிழவிகள் வாய்வழியாகப் பாடிக் கொண்டிருந்ததை, பள்ளியில் படிக்கத் தக்க பாடம் என்று ஏட்டில் ஏற்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இன்றும் பந்துனுக்கு இலக்கணம் சொல்ல வருகிறவர்கள் அவர் சொன்ன விளக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் தொட்டில் ஆட்டிக் கொண்டே பாடிய தாலாட்டும், மௌலூது மஜ்லிஸில் ராகம் எடுத்து ஓதும் பைத்தும், முனாஜாத்தும் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி புரியும். கோலா கிளாவாங்கில் நம் வீட்டுக் கலியாணங்களுக்கு மலாய் அண்டை வீட்டார் வந்து பந்துன் சொல்லிச் சிரிக்க வைப்பதும், அவர்கள் மர்ஹபானில் நம்மவர்கள் குரல் சேர்ப்பதும் புதிதல்ல. ஜெலுபு ஆதாட் பெர்பாதே வழக்கம் வேரூன்றிய மண். அந்த ஆதாட்டின் சட்டங்களே ஓசை நயம் கூடிய பழமொழிகளாக, செவிவழி வந்தவை. ஸஅபா பிறந்து வளர்ந்ததும் அத்தகைய மண்ணில்தான். அதனால்தானோ என்னவோ, ஒரு வாக்கியம் சரியா தப்பா என்று பார்ப்பதோடு அது காதில் எப்படி விழுகிறது என்றும் பார்த்தார்.

மார்க்க விஷயத்தில் அவர் எழுதியவை சர்ச்சையைக் கிளப்பின. சயித் ஷேக் அல்ஹாதி பினாங்கில் நடத்திய பத்திரிகைகளின் காலம் அது. 'இளைய தலைமுறை' என்று அழைக்கப்பட்ட சீர்திருத்தக்காரர்கள் பக்கம் ஸஅபா நின்றார். எதையும் யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் பின்பற்றாமல் விளங்கிப் பின்பற்ற வேண்டும் என்றார். மனிதன் தன் உழைப்பையும் தன் அமலையும் நம்ப வேண்டும், பிறர் தனக்காகச் செய்வார்கள் என்று சாய்ந்திருக்கக் கூடாது என்றார். மௌத்தானவருக்குப் பிறர் ஓதிச் சேர்ப்பது பற்றியும் இந்தக் கண்ணோட்டத்தில் எழுதியதால் பழைய மரபைச் சேர்ந்த ஆலிம்கள் எதிர்த்தார்கள். இந்தப் பொன்விழா மலரில் அந்த வழக்கைத் தீர்த்து வைக்க நாங்கள் முன்வரவில்லை. நம் சங்கத்தில் இரண்டு கருத்துக்காரர்களும் ஒரே தஸ்தர்கானில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். தன்னை நம்பு என்ற அந்தக் கட்டுரைகள் நூலாகத் திரண்டு வந்தது அவர் மறைந்தபின் 1982 இல்.

1939 இல் சிங்கப்பூருக்கு, தகவல் இலாகா பணிக்குப் போனார். இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். 1941 இல் மலாயாவில் மலாய்ப் பத்திரிகைகளின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். பழைய இதழ்களைத் தேடித் தொகுத்த அரிய வேலை அது. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது 1876 இல் சிங்கப்பூரில் தோன்றிய 'ஜாவி பெரானாக்கான்' என்ற வாரப் பத்திரிகை. அதை நடத்தியவர்கள் யார்? தென்னிந்திய முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்து இம்மண்ணில் வேரூன்றிய நம்மவர்கள். 1887 இல் மகுதூம் சாயபு 'சிங்கைநேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியதும் அதே ஊரில்தான். மலாய் இலக்கியத்தின் புதுக்காலத்தை எழுத வந்தபோது ஸஅபா மலாக்கா முன்ஷி அப்துல்லாவிலிருந்து தொடங்கினார். தமிழ் இரத்தமும் கலந்த, சிறுவயதில் தமிழும் படித்த அந்த முன்ஷியை நாம் அறிவோம். தம் சமூகத்தின் முன்னேற்றம் ஒன்றையே மூச்சாகக் கொண்டிருந்தவர், அந்த மொழிக்குப் பிறர் செய்த தொண்டையும் மறைக்காமல் எழுதி வைத்தார். இப்படிப்பட்ட நேர்மை எல்லாக் காலத்திலும் கிடைக்கிற சரக்கல்ல.

'பெலித்தா பஹாசா மலாயு', அதாவது மலாய் மொழி விளக்கு என்ற அவருடைய இலக்கண நூல் மூன்று பாகமாக 1940களில் வெளிவந்தது. நடுவில் யுத்தம், ஜப்பான்காரன் காலம், பஞ்சம். நம்மவர் கடைகளில் மரவள்ளிக் கிழங்கு தவிர விற்க ஏதுமில்லாத அந்த ஆண்டுகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். யுத்தம் முடிந்ததும் சிலாங்கூர் மலாய்ச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்து, 1946 இல் கோலாலம்பூரில் கூடிய மலாய்க் காங்கிரஸில் பங்கு கொண்டார். அரசியல் அவரை நெடுநாள் பிடித்து வைக்கவில்லை. 1947 இல், ஐம்பத்திரண்டு வயதில், லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைக் கல்லூரிக்கு மலாய் கற்பிக்கக் கப்பலேறினார். 1951 வரை அங்கே இருந்தார். கம்பத்துப் பிள்ளைக்கு நான்கு வருடம் போதும் என்று விதித்த நாட்டின் தலைநகரில், அந்தக் கம்பத்துப் பிள்ளை ஆசிரியராக நின்றார்.

திரும்பி வந்தபின் 1954 முதல் 1959 வரை சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் மலாய்த் துறையில் பணியாற்றி, அத்துறையின் தலைவராகவும் இருந்தார். 1956 இல் சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் நடந்த மூன்றாம் மலாய் மொழி, எழுத்துக் காங்கிரஸ் அவருக்குப் 'பெண்டேத்தா' பட்டம் வழங்கியது. நம் 'பண்டிதர்' என்ற சொல்தான் அது. 1959 இல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது, பின்னர் நாடு டான் ஸ்ரீ விருது தந்தது. இந்தப் பட்டங்களை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவற்றைவிட, சபாக் முதல் ஜெலுபு வரை கம்பத்துப் பள்ளிகளில் அவர் செய்த நூலைக் கையில் வைத்துக் கொண்டு நின்ற ஆயிரமாயிரம் சிக்குகள்தான் அவர் சம்பாத்தியம் என்பது எங்கள் எண்ணம். நம் அங்கத்தினர்களில் பலருக்கு மலாய் கற்றுக் கொடுத்த சிக்குமார் அந்தத் தஞ்சோங் மாலிம் வழி வந்தவர்களே.

கடைசி ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1972 ஆகஸ்ட் 16 அன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான புதிய எழுத்துமுறையை அறிவித்தன. ஐம்பது ஆண்டு வழங்கிய ஸஅபா முறை அன்றோடு பள்ளிகளிலிருந்து விடைபெற்றது. தாம் கட்டிய வீட்டின் சுவரை இடித்து வேறு மாதிரி கட்டுவதைக் கண்முன்னே பார்க்கிற வயது அவருக்கு அப்போது எழுபத்தாறு. அடுத்த ஆண்டு, 1973 அக்டோபர் 23 அன்று, அன்னார் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏழாவது மாணவர் விடுதிக்கு அவர் பெயர். கோலாப்பிலாவில் அவர் பெயரில் இடைநிலைப் பள்ளி இருக்கிறது. நம் ஊரிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட நினைப்பவர்களுக்கு அது தூரமே இல்லை.

அவர் எதையும் எறியாத மனிதர். வந்த கடிதம், அனுப்பிய கடிதத்தின் படி, கட்டுரையின் கரட்டு வடிவம், குறிப்புத் துண்டு என்று ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்தார். அந்தக் காகிதங்கள் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் இன்னும் அவற்றைப் புரட்டிக் கொண்டிருக்கிறார்கள். இந்த மலருக்காக நம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடியபோது, முதல் சில ஆண்டுகளின் புத்தகங்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் ஒன்றின் ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. தமிழில், மைப் பேனாவால், அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். எஞ்சிய பக்கங்களைப் படியெடுக்கும் வேலை நடக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கட்டடத்துக்கு அனுப்பி வையுங்கள்.